தண்ணீர் நன்றாக வரும்போதும் சந்தேகப்படுங்கள்: கரி ஃபில்டர் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் ஃபில்டர் மாற்றப் போகும் வீடுகளில் பாதிப் பேர் ஒரே கேள்வியால் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். "தம்பி, தண்ணீர் நன்றாகத்தானே வருகிறது, இப்போது எதற்கு மாற்ற வேண்டும்?" வாடை இல்லை, கலங்கல் இல்லை, தேநீரில் படலம் இல்லை என்று காரணம் அடுக்குவார்கள். குளோரின் வாடைக்காக ஃபில்டர் போட்டவர் அப்படிச் சொன்னால் சரிதான். நானும் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். அழியா வேதிப்பொருள்களுக்குப் பயந்து போட்டவர் அதையே சொன்னால், உள்ளே போய் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

பி.எஃப்.ஏ.எஸ். என்று செய்திகளில் அடிபடும் இவை கார்பனும் புளோரினும் கைகோத்து நிற்கும் பொருள்கள். கரிம வேதியியலில் அதைவிட உறுதியான ஒற்றைப் பிணைப்பு இல்லை. வெயிலும் மழையும் கிருமியும் அதை எளிதில் பிரிக்க முடிவதில்லை. ஒட்டாத சட்டி, நனையாத மழைக்கோட்டு, எண்ணெய் ஊறாத உணவுத் தாள், எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை, குரோமிய முலாம் பூசும் பட்டறை என்று பல வழிகளில் புழங்கி, கடைசியில் தண்ணீரில் இறங்குகின்றன. நிறம், மணம், சுவை எதுவும் காட்டுவதில்லை. இந்தக் குடும்பத்தின் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். என்ற இரண்டு வகைகளுக்கும் அமெரிக்கா 2024 ஏப்ரலில் தனித்தனியாக விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். நூறு ஒலிம்பிக் நீச்சல் குளங்களில் மொத்தமாக ஒரு கிராமைக் கரைத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். அதை எந்த நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறேன். ஃபில்டருக்கு என்ன ஆனது? இந்த வேதிப்பொருள்களைப் பொறுத்தவரை அதற்கு என்ன அர்த்தம்? இரண்டுக்கும் பதில் பெரும்பாலும் வேறு வேறு. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்குத் தண்ணீர் பதப்படுத்தும் வேலையில் இருந்தவன். அங்கே இந்தப் பாடம் தலைகீழாக இருந்தது: தண்ணீர் தவறினால் கொதிகலன் சில நாளிலேயே காட்டிக்கொடுத்துவிடும். மனித உடம்பு அப்படிச் சீக்கிரம் சொல்வதில்லை.

புது கார்ட்ரிஜ் போட்டதும் தண்ணீர் கறுப்பாக வருகிறது

கரித்தூள். பயணத்தில் குலுங்கி உதிர்ந்தது. பத்துப் பதினைந்து லிட்டர் ஓடவிட்டுப் பூச்செடிக்கு ஊற்றுங்கள், தெளிந்துவிடும். இரண்டு நாள் கழித்தும் கறுப்பு வந்தால் உள்ளே இருக்கும் வலை கிழிந்திருக்கிறது. கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். வலை கிழிந்த கார்ட்ரிஜ் குழலில் கரியின் ஊடே தண்ணீர் தனக்கென ஒரு பாதை வெட்டிக்கொள்ளும். அந்தப் பாதை வழியே எல்லாமும் கடந்து போகும்.

தண்ணீர் நூலாக இழைகிறது

தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் மறுபடி திறக்கும் நாள்களில் இந்தப் புகார் வரிசையாக வரும். முதல் ஒரு மணி நேரம் வரும் செம்மண் தண்ணீர் நேராகக் கரிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. கரிக்கு முன்னால் 5 மைக்ரான் வண்டல் ஃபில்டர் ஒன்று இருக்க வேண்டும். அது வெள்ளையாக வாங்கியது காப்பி நிறமாகியிருந்தால் அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஓட்டம் திரும்பிவிடும். தண்ணீர் வெட்டுக்குப் பிறகு முதலில் வெளிக்குழாயைத் திறந்து தெளியும்வரை விடுவது இன்னும் நல்லது.

இந்த அறிகுறியில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. மெதுவாகப் போகும் தண்ணீர் கரியோடு அதிக நேரம் உறவாடுகிறது. அடைப்பு கோளாறுதான், ஆனால் வேதிப்பொருள் தப்பிப் போவதற்கான அடையாளம் அது இல்லை. ஆத்திரத்தில் கார்ட்ரிஜைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டை மாட்டிவைக்காதீர்கள். அப்படி மாட்டிவைத்து, பிறகு மறந்தே போன ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிறது

இதற்காக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய காரணம் இதுதான்.

கரி வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் புரியும். செம்பனைக் கொட்டை ஓடு, தேங்காய் ஓடு, நிலக்கரி எதுவானாலும் காற்றில்லாமல் கருக்கி, பிறகு 800 முதல் 1000 டிகிரி வரையான வெப்பத்தில் நீராவியைப் பாய்ச்சினால் உள்ளே கோடிக்கணக்கில் நுண்துளைகள் திறக்கின்றன. அதுதான் கிளர்வுற்ற கரி. ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். ஏறக்குறைய பன்னிரண்டு பூப்பந்து ஆடுகளங்களை மடித்து ஒரு சிட்டிகைக்குள் வைத்தது போல. நம் வேதிப்பொருளின் புளோரின் வால் தண்ணீரை வெறுப்பது. துளைக்குள் போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பரப்புக் கவர்ச்சி என்பது இதுதான். ஒட்டுவதற்கு அது முதலில் துளைக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு நேரம் வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. பத்து அங்குலக் குழலில் இருக்கும் கரிமணி சுமார் அரை லிட்டர். ஒரு லிட்டர் குவளையை வைத்துக் குழாயை முழுதாகத் திறந்து கடிகாரத்தைப் பாருங்கள். 30 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 2 லிட்டர். அப்படியென்றால் கரியோடு தண்ணீருக்குக் கிடைப்பது 15 நொடி. இந்த வேதிப்பொருளை நீக்கும் பெரிய நீர் நிலையங்களில் இதே கணக்கின்படி பொதுவாக 10 முதல் 20 நிமிடம் வரை கொடுக்கிறார்கள். 15 நொடியில் குளோரின் போய்விடும். நம் விருந்தாளி பாதி வழியிலேயே வெளியே வந்துவிடுவார்.

வழி உண்டு. குழாயைப் பாதிக்கும் குறைவாகத் திறந்து குடத்தை நிரப்புங்கள். அரை லிட்டர் ஓட்டத்தில் ஒரு நிமிடம் கிடைக்கும். அதைவிட நல்லது, கரிமணிக்குப் பதில் தூளை அழுத்திச் செய்த கட்டிக்கரிக் குழல். மணி சிறிதாக ஆக, துளையைத் தேடிப் போகும் தூரம் குறைகிறது. குறைந்த நேரத்திலும் வேலை நடக்கிறது. பெட்டியில் என்எஸ்எஃப் 53 என்ற தரச்சான்று எண் இருக்கிறதா, அதன் கீழே பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ்., அல்லது பி.எஃப்.ஏ.எஸ். என்று பெயர் குறிப்பிட்டிருக்கிறதா என்று படியுங்கள். 53 என்பது ஈயம் உட்பட வேறு பலவற்றுக்கும் கொடுக்கப்படும் எண். பெயர் இல்லாத 53 நமக்கு உதவாது. என்எஸ்எஃப் 42 என்றால் சுவை, வாடை, குளோரின் போன்றவற்றுக்கு மட்டும். எந்த ஓட்ட வேகத்தில் சோதித்தார்கள் என்பதும் அங்கேயே சிறு எழுத்தில் இருக்கும்.

நேற்றுவரை ஒழுங்காக வந்த தண்ணீர் திடீரென்று வேகமெடுத்தால் கரியைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். தண்ணீரை அடைத்துக் கூட்டைத் திறந்து, குழலின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் வளையங்கள் இடத்தில் இருக்கின்றனவா, நசுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். மேல்முனை வளையத்தைப் பழைய குழலோடு குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை வளையம் இல்லாமலே மாட்டுவது சர்வசாதாரணம். நானும் ஒரு முறை செய்திருக்கிறேன். மறுநாள் போய்ச் சரிசெய்து கூலி வாங்காமல் வந்தேன்.

குளோரின் வாடை திரும்பிவிட்டது

மாற்றிவிடுங்கள். பேச்சே இல்லை. உண்மையில் தாமதமாகிவிட்டது.

சிக்கல் இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. வாடை திரும்பாதவரை கரி உயிரோடு இருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். கரி குளோரினைப் பிடித்து அடைத்து வைப்பதில்லை. அதோடு வினைபுரிந்து குளோரைடாக மாற்றி அனுப்பிவிடுகிறது. அதனால் அந்த வேலையை நெடுநாள் செய்யும். அழியா வேதிப்பொருளுக்கோ உட்கார இடம் வேண்டும். இடம் நிறைந்தால் வருபவர் நேராகக் குவளைக்குள்தான். ஆக, குளோரின் சொட்டுக்கூட வராத குழலிலிருந்து பி.எஃப்.ஓ.ஏ. தாராளமாக வந்துகொண்டிருக்க முடியும். நீச்சல் குளத்துக்கு விற்கும் குளோரின் சோதனை மாத்திரையை வைத்து "பாருங்கள், பூஜ்யம்" என்று யாராவது காட்டினால் அது குளோரினைப் பற்றிய செய்தி மட்டுமே.

அப்படியானால் எதை வைத்து மாற்றுவது? லிட்டரை எண்ணுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்க, சோறு குழம்பு வைக்க நாளுக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 2000 லிட்டர் என்று அச்சிட்ட குழல் 100 நாள் வரும். அரிசி களைவதும் கீரை அலசுவதும் அதே குழாயில் என்றால் 60 லிட்டர். 33 நாளில் தீர்ந்தது. "ஆறு மாதம்" என்று கடைக்காரர் சொன்னது யார் வீட்டுக் கணக்கு என்று தெரியவில்லை. குடிப்பதற்கும் சமையலுக்கும் தனிக் குழாய் ஒன்று வைத்துவிட்டால் செலவு பாதிக்குமேல் குறைகிறது. சிறிய தண்ணீர் மீட்டர் ஒன்றை அதன் வழியில் பொருத்தினால் இன்னும் நிம்மதி. இல்லாவிட்டால் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளும் பென்சிலும் போதும். அச்சிட்ட அளவில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். சோதனைக்கூடத் தண்ணீர் ஓரளவு சுத்தமானது. இலைச்சாறும் மண்சாறும் கரைந்த ஆற்றுத் தண்ணீர் அதே துளைகளுக்குப் போட்டியிடும்.

பணம் இடம் கொடுத்தால் இரண்டு குழல்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுங்கள். நீர் நிலையங்களில் செய்வது அதுதான். முதலாவது நிறைந்ததும் அதை எடுத்து எறிந்து, இரண்டாவதை முன்னால் நகர்த்தி, புதியதைப் பின்னால் வையுங்கள். முன்னது தவறினாலும் பின்னது பிடிக்கும்.

கொதிக்க வைத்தால் போதாதா?

கிருமிக்குப் போதும். இதற்கு நேர்மாறு: ஆவியாகிப் போவது தண்ணீர், தங்குவது வேதிப்பொருள். கெட்டிலில் பாதி வற்றினால் அளவு இரட்டிப்பாகும்.

மீட்டரில் எண் குறையவே இல்லை

டி.டி.எஸ். மீட்டர் என்று விற்கும் பேனா போன்ற அந்தக் கருவி கரைந்த உப்புகளை, அதாவது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை அளக்கிறது. கரி உப்பை எடுப்பதில்லை; எண் குறையாதது இயல்பு. நம் வேதிப்பொருள் இருக்கும் அளவு அந்தக் கருவியின் கடைசி இலக்கத்துக்கும் பல ஆயிரம் மடங்கு கீழே.

இதையொட்டி ஒரு வித்தையும் நடக்கிறது. போன வருடம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வீடு வீடாக வந்தார். இரண்டு குவளை, ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர் கொண்டுவந்தது. மின்கம்பி கோத்த உலோகக் குச்சிகளை முக்கினார். நம் குவளை சாக்கடையாக மாறியது. அவருடையது தெளிவாக நின்றது. பக்கத்து வீட்டு ஆயா, "ஐயோ, இதையா பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்?" என்று கன்னத்தில் கைவைத்துவிட்டார். குச்சிகளில் ஒன்று இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து இரும்பு கரைந்து துருவாக மிதக்கிறது. உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் பாயவில்லை. சாக்கடை அவருடைய குச்சியிலிருந்து வந்தது. நான் ஆயாவின் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பெடுத்து அவர் குவளையில் போட்டுவிட்டு, மறுபடி முக்கச் சொன்னேன். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

ஆனால் அவர் விற்ற, சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் மோசமானது என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல சவ்வு இந்த வேதிப்பொருள்களில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. கரிக்கு எளிதில் பிடிபடாத குட்டைச் சங்கிலிகளையும், அதாவது கார்பன் எண்ணிக்கை குறைந்த வகைகளையும் சேர்த்து. அதற்குரிய சான்று எண் என்எஸ்எஃப் 58. கழிவாகப் போகும் தண்ணீரும் அவ்வப்போது சவ்வு மாற்றும் செலவும்தான் விலை. மென்னீராக்கும் பிசின் தொட்டி மட்டும் உதவாது. ஆலையில் நாங்கள் வைத்திருந்தது சுண்ணாம்பிலுள்ள கால்சியம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடிப்பது. நம் வேதிப்பொருள்களோ தண்ணீரில் பெரும்பாலும் எதிர்மின்னோடு திரிபவை. அதற்கென்று எதிர்மின் அயனிப் பிசின் தனியாக உண்டு.

வாசலில் பெரிய தொட்டி ஃபில்டர் இருக்கிறது, தினமும் கழுவுகிறோம்

உள்ளே மணல் மட்டும் என்றால் அது சேற்றுக்கு. நன்றாகக் கழுவுங்கள், நமக்கும் அதற்கும் பேச்சில்லை. மணலோடு கரியும் அடுக்கியிருந்தால் அந்தத் தினசரிக் கழுவலே கெடுதல். மேலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் மேல்கரியை நிறைக்கிறது. அடியில் இருப்பது புதிதாகக் காத்திருக்கிறது. கீழிருந்து மேலாகத் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவும்போது எல்லாம் கலந்து, நிறைந்த மணிகள் அடிக்கு வந்துவிடுகின்றன. பிறகு வெளியே போகும் சுத்தமான தண்ணீரில் பிடித்ததைச் சிறிது சிறிதாக விடுகின்றன. கரியை அந்தத் தொட்டியிலிருந்து பிரித்து, சமையலறைக் குழாய்க்குக் கொண்டுபோங்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பினால் சேற்று வாடை

தீபாவளி விடுமுறைக்கு ஒரு வாரம் வீடு பூட்டிக் கிடந்தால் குளோரின் இல்லாத கரிக்குள் நுண்ணுயிர் பெருகும். ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். வாடை போகவில்லையென்றால் குழலை மாற்றுங்கள். வெந்நீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பிடித்தவற்றைக் கரி விடுவதற்கு அது வழி செய்யலாம்.

கிணற்றுத் தண்ணீர், தேநீர் நிறம்

பழைய தோட்ட லயங்களில் இன்னும் கிணறு புழங்குபவர்களுக்கு இது. நிறம் இலைமக்கிலிருந்து வந்தால் கரி சில வாரங்களிலேயே நிறைந்துவிடும். வாளியில் வைத்த தண்ணீர் மறுநாள் செம்படலம் கட்டினால் இரும்பு. அது கரிமணியின் மேல் பூச்சாகப் படியும். இரண்டையும் முதலில் நீக்கிவிட்டுப் பிறகு கரியைப் பற்றிப் பேசுவோம். அடுப்புக்கரியைப் பானையில் போடுகிறோம் என்பவர்களுக்கு: நுண்துளை திறக்காத கரி அது. கலங்கலுக்குச் சிறிது உதவலாம், இதற்கு உதவாது.

ஆய்வறிக்கையில் ஃபில்டருக்குப் பின் அளவு கூடியிருக்கிறது

அறிக்கை கையில் வைத்திருப்பவர் அபூர்வம், சோதனையின் விலை அப்படி. வந்தவர்களில் பாதிப் பேர் அலகில் தடுமாறுகிறார்கள். ஒரு மைக்ரோகிராம் 1000 நானோகிராம். ஐரோப்பிய ஒன்றியம் இருபது வகைகளின் கூட்டுத்தொகைக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், அதாவது 100 நானோகிராம். அமெரிக்கா ஒரே ஒரு வகைக்கு 4 என்கிறது. அறிக்கையின் மைக்ரோகிராம் எண்ணை அந்த 4க்குப் பக்கத்தில் வைத்து "எங்களுடையது 0.08தான்" என்று மகிழ்ந்தவர் ஒருவர் உண்டு. அது 80 நானோகிராம்.

அலகு சரியாக இருந்தும் கூடியிருந்தால், எந்த வகை கூடியது என்று பாருங்கள். பி.எஃப்.பி.ஏ. போன்ற நான்கு கார்பன் குட்டைச் சங்கிலி என்றால் நிறைந்த கரியின் கையெழுத்து அது. ஈப்போ பஸ்ஸில் முதலில் ஏறி உட்கார்ந்த சிறுவனை, வழியில் ஏறும் பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுப்பிவிடுவது போல, எட்டுக் கார்பன் நீளச் சங்கிலிகள் வந்து குட்டைகளைத் தள்ளிவிடுகின்றன. பல வாரங்களாக ஏறியவர்கள் ஒரே நேரத்தில் இறங்கினால், உள்ளே போவதைவிட வெளியே வருவது கூடத்தானே செய்யும். குழலை மாற்றுங்கள்; குட்டைகள்தான் உங்கள் தண்ணீரில் அதிகம் என்றால் கரியைவிட ஆர்.ஓ. நல்லது. இந்த வகைகளைத் தேடியே பார்க்காத சோதனை முறைகளும் உண்டு. அமெரிக்காவின் 533ஆம் முறை பி.எஃப்.பி.ஏ.வையும் சேர்த்து 25 வகைகளைப் பார்க்கிறது, 537.1 பார்ப்பது 18, அதில் பி.எஃப்.பி.ஏ. இல்லை. பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

பி.எஃப்.ஓ.ஏ. போன்ற நீளச் சங்கிலியே கூடியிருந்தால் நிறைந்த கரியும் காரணமாகலாம். ஆனால் நான் முதலில் மாதிரி எடுத்த கையைச் சந்தேகிப்பேன். குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடா இதே குடும்பம். புதிதாகச் சுற்றிய அன்றே மாதிரி எடுக்காதீர்கள். ஆய்வுக்கூடம் தரும் பாலிபுரோப்பிலீன் பாட்டிலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். உள்ளே வெள்ளைத் தூள் இருந்தால் அழுக்கென்று கழுவிவிடாதீர்கள். மாதிரியைப் பாதுகாக்கப் போட்டது. மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு, கைகழுவிவிட்டு எடுங்கள். ஃபில்டருக்கு முன் ஒன்று, பின் ஒன்று, ஆய்வுக்கூடத்தின் சுத்த நீரை அதே இடத்தில் திறந்து ஊற்றிய வெற்று மாதிரி ஒன்று. வெற்று மாதிரியிலும் எண் வந்தால் அறிக்கை முழுவதையும் ஒதுக்கிவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

பழைய குழலை என்ன செய்வது?

பிடித்ததெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. கரி எதையும் அழிக்கவில்லை. தொழிற்சாலைகளில் மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டுப் புதுப்பிக்கிறார்கள்; கொல்லையில் குப்பையோடு கொளுத்தினால் அந்த வெப்பம் வராது, திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றமும் ஆகும். ஈரத்தை வடித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, நகராண்மைக் குப்பையில் போடுங்கள். நம்மால் முடிந்தது அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு அக்கா வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்தேன். மண்ணின் மேல் கறுப்பு மணிகள் பளபளவென்று பரப்பியிருந்தன. "கரி செடிக்கு நல்லது என்றார்கள், தம்பி. எட்டு மாதமாக நீங்கள் கழற்றியதை எல்லாம் உடைத்து இதற்குத்தான் போடுகிறேன்." நான் கரண்டி கேட்டேன். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மண்ணைச் சுரண்டினோம்.